ஆட்சேபணை அல்ல, திருத்தம்

2004 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். கரமனைப் பாலம் வரை நடந்து திரும்ப முப்பத்தெட்டு நிமிடம். 7.15-க்கு இட்லி மூன்று. 7.40 முதல் 8.30 வரை பேப்பர் கத்தரித்தேன்.

கத்தரிப்பதற்குக் காரணம் உண்டு. ‘உலகம் பூராவும் சட்டத்துக்கும் மதத்துக்கும் ஒரே தகராறாக இருக்கிறதே, உங்கள் கருத்து என்ன?’ என்று கோவை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கருத்துதானே, எழுதிவிடலாம் என்று ஒரு ஃபைல் திறந்தேன். ஒரு நாட்டில் பள்ளிக்கூடத்துக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று சட்டம் போடுகிறார்கள். இன்னொரு நாட்டில் கட்டாமல் தெருவில் இறங்கக்கூடாது. நம் தமிழ்நாட்டில் ஒருவரை மதம் மாற்றி வைத்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நாடு வாரியாக அடுக்கி, ஓரத்தில் தேதி போட்டு வைத்துவிட்டேன். கருத்து மட்டும்தான் பாக்கி.

அன்று அரைநாள் லீவ். வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு வில்லங்கச் சான்றிதழ் வேண்டியிருந்தது. பத்தரைக்கு சப்-ரிஜிஸ்தரார் ஆபீசில் இருந்தேன். ‘வெள்ளிக்கிழமை வாங்க’ என்று சொல்ல அவர்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

அந்த நாற்பது நிமிடம்தான் வினை.

சும்மா நிற்கும்போது எதையாவது படிப்பது என் வழக்கம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டேன். வராந்தாவில் ஒரு நோட்டீஸ் போர்டு. அதில் கல்யாண நோட்டீஸ்கள்... இரண்டு மதத்தைச் சேர்ந்தவர்கள், யாரும் மதம் மாறாமல், ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ள ஒரு சட்டம் இருக்கிறதல்லவா? அந்தச் சட்டப்படி முப்பது நாள் முன்னதாக இப்படி ஒட்ட வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் சொல்லலாம்.

மூன்றாவது நோட்டீசில் நின்றேன். மணமகன் ஜோஜி, சாஃப்ட்வேர் எஞ்சினீயர், கோட்டயம் மாவட்டம். மணமகள் சங்கரி, அதே வேலை. தகப்பனார் பெயர் நெல்லையப்பன். விலாசம்... அந்த வீட்டில் நான் எத்தனையோ பொங்கலுக்குச் சாப்பிட்டிருக்கிறேன்!

நெல்லையப்பன் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரி. திருநெல்வேலிக்காரர். இருபது வருட நண்பர். சங்கரி அவருக்கு ஒரே பெண். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதை மூன்று வாரம் கழித்துப் போடுங்கள் என்று பத்திரிகை ஆசிரியரிடமும் சொல்லியிருக்கிறேன்.)

நோட்டீசின் தேதி பிப்ரவரி 24. முப்பது நாள் என்றால் மார்ச் 25. இன்னும் பதினாறு நாள். மனம் இதைத்தான் முதலில் கணக்குப் போட்டது. இரண்டாவதாக ஒன்றைக் கவனித்தேன். இத்தனை விவரம் கேட்கிற அந்தப் படிவத்தில் மதம் என்ற கட்டமே இல்லை! ரேஷன் கார்டு முதல் ஸ்கூல் அட்மிஷன் வரை எல்லாவற்றிலும் இருக்கிற கட்டம்... மூன்றாவதாகத்தான் வயது கண்ணில் பட்டது.

16.

இருபத்தாறுக்குப் பதில் பதினாறு. டைப் செய்தவர் தவறு. சங்கரியின் பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட் நகலில் அட்டெஸ்டேஷன் போட்டவனே நான்தான். எனக்குத் தெரியாதா அவள் வயது?

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் நேராக கவுண்டருக்குப் போனேன். தவறைக் கண்டால் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மூச்சு வரும். முப்பது வருட ஆபீஸ் பழக்கம்.

“மேடம், மூன்றாவது நோட்டீசில் பெண்ணின் வயது தப்பு.”

கிளார்க் அம்மாள் நிமிர்ந்து பார்த்து மலையாளத்தில் கேட்டார். “சார் பெண்ணின்டெ ஆரா?”

“குடும்ப நண்பன்.”

“வயசு தப்பாணெங்கில் அது ஆட்சேபம். எழுதித் தரணம்.”

“ஐயோ, ஆட்சேபணை இல்லை மேடம். திருத்தம்.”

“இவிடெ திருத்தம் இல்லா சாரே. ஆட்சேபமே உள்ளு.”

அங்கே ஆட்சேபணை என்ற ஒன்றுதான் உண்டாம். அதோடு விட்டாரா? வயதில் சந்தேகம் என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் கேட்காமல் இருக்க முடியாதாம். அதிகாரி இன்று லீவாம். நாளை வந்ததும், பெண்ணின் தகப்பனாருக்கு வயது கேட்டுப் பதிவுத் தபால் போகுமாம். பேப்பரை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தேன். நான் ஆட்சேபிக்கவில்லை. ஆதரிக்கவும் இல்லை. ஒரு எண்ணைச் சரிசெய்யப் போனேன். அதற்கு நெல்லையப்பனுக்கு ரிஜிஸ்தர் தபாலா?

ஆபீசுக்குப் போகவேண்டிய கால் சாலைக்குப் போயிற்று. ஏன் போனேன்? தபால் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடலாம் என்றா? மனிதர் இன்னும் ஒன்றும் அறியாமல் இருக்கிறாரா என்று பார்க்கவா? டைரியில் ‘குழாய் வாஷர் வாங்க’ என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை இல்லை.

“வாங்க சார்! என்ன, இந்தப் பக்கமே காணல?” நெல்லையப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடையில் மூன்று காலண்டர். முருகன், மாதா, மெக்கா. மூன்றும் சரக்கு அனுப்புகிறவர்கள் கொடுத்தது. பாரபட்சமில்லாமல் மூன்றுக்கும் ஊதுபத்தி காட்டுகிற மனிதர்.

“நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன். சங்கரிக்கு நாங்குநேரிப் பக்கம் ஒரு எடம் வந்திருக்கு. மாப்ள பேங்க்ல வேல. இந்தப் பயோடேட்டானு கேக்காங்க பாத்துக்கிடுங்க... நீங்கதான் எழுதித் தரணும். உங்க கைபட்டா ஒரு தப்பு இருக்காதுலா?”

ஒரு தப்பு இருக்காது!

“சங்கரியிடம் கேட்டீர்களா?”

“அவகிட்ட என்ன சார் கேக்க? நான் சொன்னா தட்டமாட்டா.” பிறகு குரலை இறக்கினார். “இருந்தாலும் நீங்க ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன். எங்கிட்டன்னா வெக்கப்படுவா. தாயில்லாப் பிள்ள. கழக்கூட்டத்துல இருந்து அவ கம்பெனி வேன் ஆறு பத்துக்குக் கிழக்கே கோட்டைல வரும். எந்த வேல கெடந்தாலும் நான் போயி நின்னுருவேன். ஒரு நா அஞ்சு நிமிஷம் பிந்திச்சு... உசிரு எங்கிட்ட இல்ல.”

அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்ததாகவும் சொல்ல முடியாது. வாஷருடன் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாகர்கோவில்காரி. சுற்றி வளைக்கத் தெரியாது.

“நீங்க என்னத்துக்கு அங்க போயி வாயத் தெறந்தியோ?”

“வயது தப்பாக இருந்தது...”

“ஆமா, பெரிய வயசு! மொதல்ல அந்தப் பிள்ளைக்கு ஃபோன் போடுங்கோ.”

“நெல்லையப்பனிடம் சொல்ல வேண்டாமா? இருபது வருஷ சிநேகம்.”

“அப்பன்கிட்ட சொல்ல வேண்டியது அவ. நீங்க யாரு அதுக்கு?”

“சரி. நம் பெண்ணாக இருந்து, விஷயம் தெரிந்தும் நெல்லையப்பன் நம்மிடம் சொல்லாமல் இருந்திருந்தால்?”

“அது வேற,” என்றாள்.

எது வேறு, எப்படி வேறு? கேட்டேன். சாம்பார் தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். நான் சங்கரிக்கு ஃபோன் செய்து, நடந்ததைச் சொல்லி, சாயந்தரம் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ஆறு நாற்பதுக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சங்கரியைக் கொண்டுவந்து விட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நெல்லையப்பனேதான்! “கேட்டுப் பாருங்கனு சொன்னேன், இன்னைக்கே கூப்பிட்டுட்டீங்களே சார்! நீங்க நீங்கதான். கடைல ஆள் இல்ல, ஏழரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

சங்கரி உட்காரவில்லை. “மாமா, நீங்க ஆட்சேபணையா கொடுத்தீங்க?”

“இல்லம்மா. திருத்தம்தான் சொன்னேன்.”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். “அடிபொளி மாமா, சூப்பர்! லோகத்துல வேற யாரும் இதச் செய்யமாட்டாங்க.” சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். “ஏனம்மா இந்த நோட்டீஸ், போர்டு, முப்பது நாள் எல்லாம்? யாராவது ஒருத்தர் மாறிவிட்டால்...”

“மாறினா ஈசிதான் மாமா. நான் ஞானஸ்நானம் எடுத்தா அவங்க சர்ச்சில கல்யாணம். அவன் ஹிந்துனு ஒரு பேப்பர் வாங்கினா கோயில்ல அரை மணிக்கூர். பட்சே எனக்கு வெள்ளிக்கிழமை வெளக்கு வைக்கணும். அவனுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சில குர்பானாவுக்குப் போகணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொன்னா சீக்கிரம் முடிஞ்சிரும். பொய் சொல்லமாட்டோம்னோம்... அதுக்குத்தான் இந்த முப்பது நாள்.”

என் ஃபைல் ஞாபகத்துக்கு வந்தது. மதம் மாற்றினால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். மாறாவிட்டால் ஊருக்கே சொல்ல வேண்டும். இதை எந்த நாட்டின் கீழே அடுக்குவது?

விட மனமில்லாமல் இன்னொன்றும் கேட்டேன். “சர்ச்சிலும் முன்கூட்டி அறிவிப்பார்களே?”

“ஆமா, மூணு ஞாயிறு விளிச்சுச் சொல்லுவாங்க. ஆட்சேபம் உண்டான்னு அங்கயும் கேப்பாங்க. அங்க கேட்டுட்டு இருக்கறவங்க கல்யாணத்துக்கு வர்றவங்க மாமா. இங்க யாரு வேணும்னாலும் நின்னு வாசிக்கலாம்.”

யார் வேண்டுமானாலும் என்றபோது என்னைப் பார்த்தாளா? பார்த்த மாதிரிதான் இருந்தது.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரா?” என்றாள் என் மனைவி.

“சே, கை ஓங்கினதே கிடையாது அத்தை. அழுவாங்க. எங்கயும் போகாதனு என் கையப் பிடிச்சுட்டு அழுதா நான் எங்க போவேன்? அதான் பயம். இருபத்திநாலாந் தேதி நானே சொல்லிருவேன். சத்தியமா. என் வாயால கேட்டு அழட்டும். ஒரு ரெஜிஸ்டர்ட் தபாலப் பாத்து அழக்கூடாது.”

சட்டத்தை இன்டர்நெட்டிலிருந்து பிரின்ட் எடுத்து ஹேண்ட்பேக்கிலேயே வைத்திருந்தாள். நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. ஆறாவது பிரிவில் ஸ்கேல் நின்றது. மணமக்கள் கொடுக்கும் நோட்டீசை ஒரு புத்தகத்தில் பதிந்து வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும், கட்டணமில்லாமல், வந்து பார்க்கலாம்.

“போர்டில் இருப்பது டைப் அடித்த நகல். புத்தகத்தில் உன் வயது சரியாக இருந்தால்?”

“எஸ்எஸ்எல்சி காப்பி வச்சுத்தான் எழுதிக் கொடுத்தேன். அதுல தப்பு வராது.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “யாரு வேணும்னாலும் பாக்கலாம்ங்கற இந்த வரியாலதான் மாமா நான் ரெண்டு வாரமா உறங்கல.”

ஆக, அவளைத் தூங்கவிடாத வரிதான் இப்போது அவளுக்கு வழி. நல்ல வரியா, கெட்ட வரியா? பேனாவால் அடிக்கோடிட்டேன். பிறகு, எதற்காக அடிக்கோடிட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஏழரைக்கு நெல்லையப்பன் வந்தார். “என்ன சார், என்ன சொன்னா?” என்று என் காதருகில் கேட்டார்.

“கொஞ்ச நாள் வேண்டும் என்கிறாள்.”

“அவ்வளவுதானே? எடுத்துக்கிடட்டும்.” அவருக்கு ஏகத் திருப்தி. நான் சொன்னது பொய்யா? இல்லை. உண்மையா? அதுவும் இல்லை. அன்று டைரியில் ‘நெ. வந்தார், போனார்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மறுநாள், மார்ச் 10, புதன்கிழமை. எழுந்ததும் நடைக்குப் போகவில்லை. குளித்துவிட்டு, 9.35-க்கே அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். பத்து ஐந்துக்கு கிளார்க் அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

“ஆட்சேபம் எழுதிக் கொண்டு வந்நோ?”

“இல்லை மேடம். நோட்டீஸ் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஆறாவது பிரிவு. கட்டணம் கிடையாது.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். சங்கரியின் உருண்டைக் கையெழுத்து. வயது: 26. பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினேன். எஸ்எஸ்எல்சி நகலை உருவிப் பார்த்தார். வராந்தாவுக்குப் போய் போர்டைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, ஒன்றை இரண்டாக்கி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அரை நிமிட வேலை. நேற்றுக் குறித்து வைத்த பேப்பரைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“அப்போ சாருக்கு ஆட்சேபம் ஒந்நும் இல்லல்லோ?”

ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேட்கிற கேள்வி. கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான்தான் நின்றேன். சட்டத்தில் இருக்கிற ஒரு காரணமும் என்னிடம் இல்லை. சட்டத்தில் இல்லாத காரணமோ கிழக்கே கோட்டையில், ஆறு பத்துக்கு, ஸ்கூட்டருடன் நிற்கும்.

“இல்லை” என்றேன்.

சரியான பதில்தானா என்று யாராவது சரிபார்த்துச் சொன்னால் தேவலை.