எல்லாம் நார்மல் என்றார்கள்

தேவிகா தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இடது புஜத்தில் இறுக்கிக் கட்டி, வலது கையால் ஊசியைச் செலுத்தினாள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தவள். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் எடுத்துவிடுவாள் என்று ஊரில் பெயர். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், கல்லீரல், சிறுநீரகம் என்று அங்கே இருந்த எல்லா டெஸ்டையும் தன் ரத்தத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடக் குறை இல்லை.

"பார்த்தியா, நானே பயந்துட்டேன்," என்றார் லேப் முதலாளி சுப்ராயன். "எல்லாம் நார்மல். நீயே ஓட்டின டெஸ்டு. இனிமே என்னம்மா கவலை?"

அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதினெட்டுப் படி இறங்குவதற்குள் அவள் இரண்டு முறை உட்கார்ந்தாள்.

நாலு மாசம் முன்னால், ஐப்பசி அடைமழையில் வந்த காய்ச்சலோடு தொடங்கியது இது. அப்போது அவள் ஊரான வரிச்சிக்குடியில் பாதிப் பேர் படுத்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து வயலுக்கும் வேலைக்கும் போனார்கள். தேவிகாவும் எழுந்தாள், ஆனால் தெம்பு திரும்பி வரவில்லை. இதை அசதி என்று சொன்னால் யாருக்கும் புரியாது, ஏனென்றால் அசதி எல்லோருக்கும் வரும், தூங்கினால் போய்விடும். இவள் பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் விடிய விடிய மூட்டை தூக்கியவள் போல இருந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. மிக்ஸி ஓடினால் மண்டைக்குள்ளேயே ஓடியது. பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த வார்த்தை காணாமல் போனது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லையே என்று துணி துவைத்து, குழம்பு வைத்து, மகள் இளவேனிலுக்குத் தலை பின்னிவிட்டால், அதற்கான அடி மறுநாள்தான் விழும். விழுந்தால் இரண்டு நாள், மூன்று நாள் எழ முடியாது.

ஒருநாள் லேப்பில் இரண்டு பேருடைய ரத்த டியூபில் பெயர் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டாள். மெஷினில் வைப்பதற்கு முன்பே அவளே கண்டுபிடித்துச் சரி செய்தாள். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் நேராகப் போய் சுப்ராயனிடம் சொன்னாள்.

"சார், எனக்கு மூளை ஓட மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு அரை நாள் வேலை கொடுங்க. உட்கார்ந்து பார்க்கற வேலையா இருந்தா நல்லது."

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே. முடிஞ்சா முழு நாள் வாம்மா. முடியலன்னா வீட்டுலயே இருந்துக்க."

பதினான்கு வருஷம். தீபாவளிக்கு மறுநாள்கூட லேப்பைத் திறந்தவள். நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். தப்பை ஒளிக்காமல் சொன்னதற்கு அதுதான் பலன்.

டாக்டர்களிடம் போன கதையைச் சொன்னால் கேட்பவருக்கே ரத்தம் கொதிக்கும். முதலில் பார்த்தவர் சத்து ஊசி போட்டார், பத்து ஊசி. அடுத்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, தேவிகாவைப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஹரிஹரனிடம் கேட்டார்: "வீட்டுல ஏதாவது பிரச்சினையா? மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிறாங்க." உடம்பு அவளுடையது, கேள்வி அவனுக்கு! ஹரிஹரன் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி லாரி ஓட்டும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் திறக்காத நல்ல மனுஷன். அந்த நல்லதனம் அவளுக்கு எதற்கு உதவியது? "அதெல்லாம் இல்லைங்க சார்," என்று சொல்லக்கூட அவனுக்கு நாக்கு எழவில்லை.

மூன்றாமவர், படுத்தே இருப்பதால்தான் அசதி, தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்றார். தேவிகா சொன்னபடி கேட்பவள். காலையில் எழுந்து வயல் ஓரத்து ரோட்டில் நடந்தாள். ஒன்பது நாள் நடந்தாள். பத்தாவது நாள் மதகடியில் கால் மடங்கி உட்கார்ந்தவளை, பால்காரர் மருதையன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அதன் பிறகு மூன்று வாரம் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பவும் அதே டாக்டரிடம் போய் ஹரிஹரன் சொன்னதற்கு, "சரியா நடந்திருக்க மாட்டாங்க," என்று பதில் வந்தது.

அந்த நாட்களில் அவள் அழவில்லை என்று மாமியார் சொர்ணாம்பாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், மனசில் ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சியாக. அழுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த தேவிகாவுக்கு வேறொன்றும் உறுத்தியது. எத்தனை பேருக்கு அவளே சிரித்த முகத்தோடு ரிப்போர்ட்டை நீட்டி, "எல்லாம் நார்மல், தைரியமா போங்க," என்று சொல்லியிருக்கிறாள்! அவர்களில் எத்தனை பேர் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்களோ?

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் யாரோ சொல்லி பாண்டிச்சேரிக்குப் போனார்கள். நாலு மணி நேரப் பயணம். காரின் பின்சீட்டில் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தே போனாள். அங்கே இருந்த பெண் டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "முந்தாநாள் என்ன வேலை செஞ்சீங்க? நேத்து எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. நாற்பது நிமிஷம் கேட்டுவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். நாட்பட்ட சோர்வு நோய்.

தேவிகாவுக்குக் கோபம்தான் வந்தது. "சோர்வா? இந்தப் பேரைச் சொன்னா எங்க வீட்டுல சிரிப்பாங்க டாக்டர்."

"சிரிக்கத்தான் செய்வாங்க. பேரு சரியில்லை, ஒத்துக்கறேன். மருந்தும் இன்னும் வரலை. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடணும், அதான் இப்போதைக்கு வழி. கோபம் வந்தா வரட்டும், நியாயமான கோபம். ஆனா அந்தக் கோபத்துல எழுந்து வேலை செஞ்சுடாதீங்க."

மூன்று மாசம் அப்படியே இருந்தாள். உட்கார்ந்து காய் நறுக்கினாள், ஸ்டூல் போட்டுக் குளித்தாள், ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் தொடவில்லை. கொஞ்சம் தேறினாள். அப்போதுதான் குரும்பகரத்தில் ஹரிஹரனின் அக்கா வடிவாம்பாள் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டுதான் போனார்கள்.

"என்ன தேவிகா, விருந்தாளி மாதிரி உட்கார்ந்துட்ட? பந்தியில எல போட ஆளில்ல," என்றாள் வடிவாம்பாள்.

"அண்ணி, டாக்டர் ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பட்டுப் புடவை கட்ட முடியுது, தலை நிறையப் பூ வச்சுக்க முடியுது, எல போடத்தான் முடியலயாக்கும்!"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஹரிஹரன் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தேவிகா எழுந்தாள். எந்தக் கோபத்தில் எழக் கூடாது என்று டாக்டர் சொன்னாரோ அதே கோபத்தில் எழுந்து இலை போட்டாள், சாம்பார் வாளியைத் தூக்கினாள், மூன்று பந்தி பரிமாறினாள். "பார்த்தீங்களா, மனசு வச்சா முடியுது!" என்றாள் யாரோ ஒருத்தி. அந்த ஒரு வார்த்தைக்கு அந்த வாளியைச் சொன்னவள் தலையில் கவிழ்த்திருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் கடன் வாங்கிப் போன அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வடிவாம்பாள் வரிச்சிக்குடிக்கு வந்தாள். ஜன்னலை அடைத்த அறையில் தேவிகா கிடந்தாள். இளவேனில் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அதை விழுங்கவே தேவிகா நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். நாத்தனார் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் ஹரிஹரனைத் தள்ளிக்கொண்டு போய், "டேய், இது நோயில்லடா. யாரோ செஞ்சு வச்சிருக்காங்க. ஒரு இடம் எனக்குத் தெரியும், கூட்டிட்டுப் போயிடலாம்," என்றாள்.

அப்போதுதான் ஹரிஹரன் வாய் திறந்தான்.

"யாரும் எதுவும் செய்யலக்கா. நீதான் செஞ்ச. எல போடச் சொன்ன, போட்டா. நானும் மரம் மாதிரி நின்னேன். அதுதான் இப்படிப் படுத்திருக்கா."

வடிவாம்பாள் அண்டாவை நடு வீட்டில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போனாள். மூன்று மாசம் போன் கிடையாது.

உள்ளே படுத்திருந்த தேவிகாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வந்தது சந்தோஷமில்லை. பேச முடிகிற அளவு தேறியதும், எட்டாம் நாள், கணவனிடம் கேட்டாள்:

"நான் விழுந்து கிடந்தாத்தான் உங்களுக்கு வாய் வருமா? அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம். பந்தல்ல சொல்லியிருக்கலாம்."

ஹரிஹரன் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தான்.

"இனிமே எனக்காக நீங்கதான் பேசணும். ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லியே என் தெம்பு போகுது. எனக்கு அதுல பாதி குளிக்கறதுக்கு வேணும்."

அன்றிலிருந்து அவன் பேசினான். திக்கித் திணறித்தான் பேசினான், ஆனால் பேசினான். மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு வரை அறைக் கதவு சாத்தியிருந்தது. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது வீட்டுக்கு ஆகாது என்று சொர்ணாம்பாள் முணுமுணுத்தாள். தேவிகா கதவைத் திறந்து, "அத்தை, உங்களுக்குச் சர்க்கரைக்கு மாத்திரை. எனக்கு இதான் மாத்திரை. தட்டாதீங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சாத்திக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மாமியாரிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்தது.

வேலையும் தானே தேடிக்கொண்டாள். காரைக்கால் கடைத்தெருவில், தரைத்தளத்தில் சின்னதாக லேப் வைத்திருந்த பீர் மைதீனிடம் போய், தன் நோயையும், ஸ்டிக்கர் மாறியதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் மூலையில் இருந்த மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். "ஸ்டிக்கர் வேலைய வேற ஆள் பார்க்கட்டும். நீங்க உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பாருங்கம்மா. வாரத்துக்கு மூணு நாள், பதினோரு மணிக்கு வாங்க, போதும். முடியாத அன்னிக்கு ஒரு போன் அடிச்சிடுங்க."

"அவ்வளவுதானா பாய்?"

"வேற என்னம்மா வேணும்?"

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இதற்கா ஒருத்தி இரண்டு வருஷம் அலைய வேண்டும்?

அவளுக்குக் குணமாகிவிடவில்லை. போன தையில் இளவேனிலின் பள்ளி விழாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பலனாகப் பத்து நாள் படுத்தாள். மகள் பரிசு வாங்கியதைப் பார்க்க அந்தப் பத்து நாள் தகும் என்று அவளே முடிவெடுத்துப் போனது அது, யாருடைய சிரிப்புக்கும் பயந்து இல்லை. பதினோராம் நாள் காலையில் வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டு அம்மாள், "இன்னுமா சரியாகல?" என்று கேட்டாள்.

"இல்லைங்க," என்றாள் தேவிகா. விளக்கம் சொல்ல நிற்காமல், லேப்புக்குப் போக ஹரிஹரன் ஸ்டார்ட் செய்து நிறுத்தியிருந்த வண்டியில் ஏறிக்கொண்டாள்.