அறுபத்திரண்டாவது முறை

நாத்தனார் சொல்லும் கதையில் அண்ணி நல்லவளாக வருவது அபூர்வம். இந்தக் கதையில் வருகிறாள். எனக்கே கொஞ்சம் வருத்தம்தான், என்ன செய்வது, நடந்தது அப்படி.

அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். முன்னால் நின்று ஃபிரேம் காட்டுகிற வேலை இல்லை. பின்னறையில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்க்கிற வேலை. ஒரு மயிரிழை கூடத் தேய்த்துவிட்டால் லென்ஸ் கழன்று விழும், குறைத்துத் தேய்த்தால் உள்ளேயே போகாது. இருபது வருஷமாக இதைச் செய்து செய்து, எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. என்னையும் சில நேரம் அப்படித்தான் பார்ப்பாள்.

இன்னொரு பைத்தியமும் அவளுக்கு உண்டு. அண்ணனிடம் கையடக்கமான பழைய கேம் கருவி ஒன்று இருந்தது. புத்தகம் மாதிரி மடித்து மூடலாம், திறந்தால் மேலொரு திரை, கீழே தொட்டு ஆடுகிற திரை ஒன்று, ஓரங்களில் பொத்தான்கள். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனாலும் அதற்குச் சொந்தமாகப் புரோகிராம் எழுதி ஓட்டுகிற கூட்டம் ஒன்று இன்டர்நெட்டில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை, வீட்டிலேயே எழுதி வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அந்தக் கூட்டத்தில் அண்ணியும் ஒருத்தி. அண்ணன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். அவன் பிறந்தநாளுக்கு அவள் செய்து கொடுத்த விளையாட்டில், குட்டி ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பெட்டி பெட்டியாக அடுக்கும். தப்பாக அடுக்கினால் ஒரு சூப்பர்வைசர் வந்து கத்துவார். அந்த சூப்பர்வைசருக்கு என் மூக்கு. வேண்டுமென்றே செய்தது, எனக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, வலது கால் பாதி போனது, பேச்சு முழுசாகப் போனது. நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். பதில் நெஞ்சுவரை வந்துவிடும், வாய்க்கு மட்டும் வராது. ஓயாமல் பேசுகிறவன் அவன். எனக்குச் 'சுடுதண்ணி' என்று பட்டப்பெயர் வைத்து, என் கல்யாண மேடையிலேயே அப்படிக் கூப்பிட்டவன். அவன் வாயைத் திறந்து காற்றை மட்டும் விடுவதைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒரு பட அட்டை கொடுத்தாள். தண்ணீருக்கு ஒரு படம், சாப்பாட்டுக்கு ஒரு படம், தொட்டுக் காட்ட வேண்டும். அண்ணன் அதை இடது கையால் சுவரில் விட்டெறிந்தான். அந்தக் கேம் கருவியை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அண்ணிக்கு யோசனை வந்தது. பட அட்டையைக் கருவிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டாள். கீழ்த் திரையில் பன்னிரண்டு படம். ஒன்றைத் தொட்டால் அதன் வார்த்தை அண்ணியின் குரலில் கேட்கும். 'தண்ணி.' 'வலிக்குது.' 'வேணாம்.' ஓரத்தில் ஒரு சிவப்புப் படம், தொட்டால் 'யாராவது வாங்க' என்று வீடு அதிரக் கத்தும். கருவியை நாற்காலிக் கையில் ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டிவைத்தாள்.

அவள் காலை பத்து மணிக்கு வேலைக்குப் போனால் வர ஐந்தாகும். மத்தியானம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து சாப்பாடு எடுத்துக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் அண்ணனும் அந்தக் கருவியும்தான்.

அவன் அதைத் தொடுவதை நான் பார்த்ததே இல்லை. யாராவது எதிரில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "அண்ணா, தண்ணி வேணுமா? படத்தைத் தொடு" என்றால் கண்ணை மூடிக்கொள்வான். போதாக்குறைக்கு அந்தக் கருவியும் அடிக்கடி உறைந்துபோனது. திரையில் படம் அப்படியே நிற்கும், தொட்டால் சத்தம் வராது. அணைத்துப் போட்டால் மறுபடி வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அண்ணன் நாற்காலியில் இருந்தான், தண்ணீர் பாட்டில் உருண்டு கதவோரம் போயிருந்தது, வேட்டி நனைந்து ஈரமாக இருந்தது. நாற்காலிக் கையில் கருவி உறைந்து கிடந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தானோ. உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கொடுத்த தண்ணீரைக் குடித்தான், வேட்டி மாற்ற மட்டும் என்னை விடவில்லை.

அண்ணி வேலையிலிருந்து வந்தபோது நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"பொம்மையை நம்பி மனுஷன விட்டுட்டுப் போறீங்களே அண்ணி, உங்களுக்கே நல்லா இருக்கா? நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல எப்பவும் ஆள் இருக்கும்."

"அவரு வர்றேன்னு சொன்னாரா?"

"எப்படிச் சொல்லுவான்? உங்க பொம்மைதான் வாயத் தொறக்க மாட்டேங்குதே!"

சொன்ன பிறகுதான் என் வாய் எவ்வளவு நீளம் என்று எனக்கே தெரிந்தது. அண்ணி உள்ளே போய் அவனைத் துடைத்து, வேட்டி மாற்றி, கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு. அதுவரைக்கும் நான் லீவு போட்டு வீட்ல இருக்கேன். அதுக்குள்ள சரியாகலைன்னா நீயே கூட்டிட்டுப் போ" என்றாள். அவள் வேலையை விட முடியாது. அவன் என் வீட்டுக்கு வந்தால் மாதம் ஒருமுறை அவள் வந்து அவனைப் பார்த்தால் உண்டு. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

நான் கிளம்பும்போது தையல்காரம்மா படியில் நின்று கேட்டார்: "என்னம்மா, உங்க அண்ணி நேத்து சீக்கிரமே வந்துட்டாங்களா? நான் சாப்பாடு குடுத்துட்டு வந்தப்புறம் மத்தியானம் பூரா அவங்க குரல் கேட்டுட்டே இருந்துச்சே." இந்த வீடுகளின் சுவர் அப்படி, எங்கோ பேசுவது எங்கோ கேட்கும். எனக்கிருந்த கோபத்தில் நான் நின்று பதில் சொல்லவில்லை.

அந்த ஐந்து நாளும் நடந்ததை அண்ணி பிறகு சொன்னாள். அவள் பழுது பார்ப்பதும் கண் பரிசோதனை மாதிரிதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டாள். ஒரு லென்ஸை மாற்று, இதில் தெளிவா அதில் தெளிவா என்று கேள், பிறகு அடுத்தது. முதலில் மெமரி கார்டை மாற்றினாள். உறைந்தது. பேட்டரியை மாற்றினாள். உறைந்தது. படங்களைப் பாதியாகக் குறைத்தாள். அப்போதும் உறைந்தது. இதே புரோகிராமை, கம்ப்யூட்டருக்குள் அந்தக் கருவி மாதிரியே நடிக்கிற ஒரு மென்பொருளில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. அவள் கையில் கருவியை வைத்துப் பன்னிரண்டு படத்தையும் வரிசையாகத் தொட்டால் அப்போதும் குறையில்லை. அண்ணனோடு தனியாக விட்டுவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போய்வந்தால் மட்டும் உறைந்து கிடந்தது.

"என்னைப் பாத்தா நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், நான் அந்தப் பக்கம் போனதும் மக்கர் பண்ணும். உன்னை மாதிரியேதான்" என்றாள். இதைச் சொல்லும்போது சிரித்தாள், அதனால் மன்னித்தேன்.

அவளுடைய இன்டர்நெட் கூட்டத்தில் நத்தை என்ற பெயரில் மட்டும் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவர்தான் வழி சொன்னார்: கருவி ஒவ்வொரு முறையும் என்ன செய்தது என்று கார்டில் ஒரு வரி எழுதிவைக்கச் சொல், உறைவதற்கு முன்னால் கடைசியாக என்ன நடந்தது என்று பார். அண்ணி அப்படியே செய்தாள். எந்த மணிக்கு எந்தப் படம் தொடப்பட்டது, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எல்லாம் வரிவரியாக விழும். சனிக்கிழமை முழுக்க அண்ணனைத் தையல்காரம்மாவின் காதுக்கு எட்டும் தூரத்தில் விட்டுவிட்டு, வேண்டுமென்றே கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் காலிப் பை ஒன்றோடு வந்தேன். அவன் துணிமணிகளை அதில்தான் எடுத்துப்போவதாக உத்தேசம். அண்ணி சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இதப் படி" என்றாள்.

படித்தேன். 10.14, மேல் இடது பொத்தான். 10.14, மேல் இடது பொத்தான். 10.15, மேல் இடது பொத்தான். பக்கம் பக்கமாக அதுவேதான். நடுவில் ஓரிடத்தில் 'தண்ணி', ஓரிடத்தில் 'சாப்பாடு'. மறுபடி மேல் இடது பொத்தான், மேல் இடது பொத்தான். அறுபத்தொரு வரி. அறுபத்திரண்டாவது வரி பாதியில் நின்றிருந்தது.

"அந்தப் பொத்தான்ல என்ன வார்த்தை?"

"எதுவும் இல்லைன்னுதான் நெனச்சேன். நான் எழுதினதையே தேடிப் பாத்தேன்."

திரையில் ஒரு வரியைக் காட்டினாள். முதல் முதலில் கருவியிலிருந்து சத்தம் வருகிறதா என்று பார்க்க அவள் எதையோ பதிவுசெய்து அந்தப் பொத்தானில் மாட்டியிருந்தாள். பக்கத்திலேயே தனக்குத் தானே ஒரு குறிப்பு: பிறகு எடுத்துவிடவும். இப்படி எழுதிவைத்துவிட்டு எடுக்காமல் விடுவது இந்தக் கூட்டத்துக்கே உள்ள வியாதியாம். நத்தையின் புரோகிராம்களில் பத்து வருஷத்துக் குறிப்பெல்லாம் இருக்கிறதாம்.

அண்ணி பொத்தானை அழுத்தினாள். கருவியிலிருந்து அவள் குரலே வந்தது, கொஞ்சம் சிரிப்பு கலந்து, அவனை உள்ளறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

"என்னங்க, கேக்குதா?"

தையல்காரம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. அண்ணி வேலைக்குப் போன பிறகு அவன் நாளெல்லாம் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் அந்தக் கருவியை வெறுக்கிறான் என்று அல்லவா நான் முடிவுகட்டியிருந்தேன்.

உறைந்ததற்குக் காரணமும் அதுதான். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்தக் குரலைக் கருவி தன் நினைவகத்தில் புதிதாக எடுத்து வைக்கிறது. ஒலித்து முடித்ததும் அந்த இடத்தைக் காலிசெய்யச் சொல்லி அண்ணி எழுத மறந்துவிட்டாள். ஒவ்வொரு வேளையும் புதுத் தட்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்றையும் கழுவி வைக்காவிட்டால் அலமாரி காலியாகிவிடும் இல்லையா, அப்படி. அறுபத்தொரு தட்டு இருந்திருக்கிறது. அவள் சோதித்தபோது ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் தொட்டாள். ஒரே பொத்தானை ஒரு மனுஷன் அறுபது தடவை அழுத்துவான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

விட்டுப்போன ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள். கார்டைக் கருவியில் செருகினாள்.

"இருநூறு தடவை அழுத்திப் பாக்கணும். அப்பத்தான் நம்புவேன். நீ எண்ணு."

நான் எண்ணினேன். என்னங்க, கேக்குதா? ஒன்று. என்னங்க, கேக்குதா? இரண்டு. அறுபதைத் தாண்டும்போது நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. குரல் வந்தது. அண்ணி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பொத்தானுக்குத் திரும்பினாள். எழுபது. எண்பது.

எண்பத்துமூன்றாவது முறை அது கேட்டதற்கு உள்ளறையிலிருந்து பதில் வந்தது.

"கேக்... குது."

கரகரவென்று, துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு குரல். அண்ணி கருவியைக் கீழே போடாததே பெரிது. நாங்கள் ஓடினோம். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், நெற்றியெல்லாம் வேர்வை. வெறுமனே கேட்டுக்கொண்டு இருக்கவில்லை அவன். அவள் கேட்கக் கேட்க, யாரும் பார்க்காத வீட்டில், அறுபது தடவையும் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறான். யார் எதிரிலும் தோற்றுப்போகப் பிடிக்காமல்தான் எங்களைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான்.

அண்ணி அவன் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு என் கையிலிருந்த காலிப் பையைப் பார்த்தான்.

கேட்டுவிடுவதுதான் நியாயம் என்று பட்டது. "அண்ணா, என்கூட வர்றியா?"

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை, அதைச் செலவு பண்ணிவிட்டான். ஆனால் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அண்ணியின் கையிலிருந்த கருவியை இழுத்து, என் எதிரிலேயே, ஒரு படத்தைத் தொட்டான்.

"வேணாம்" என்றது கருவி, அண்ணியின் குரலில்.

"பாத்தீங்களா அண்ணி? என்னை விரட்டுறதுக்குக் கூட உங்க குரல்தான் வேண்டியிருக்கு இவனுக்கு" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணன் வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது. எட்டு மாதமாக நான் பார்க்காத பாதி.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருவியைக் கையில் எடுத்தாள். இருநூறு என்று சொன்னால் அவளுக்கு இருநூறுதான்.

"இப்ப அவரு தொட்டதையும் சேத்தா எண்பத்திநாலு. இன்னும் நூத்திப் பதினாறு இருக்கு" என்று சொல்லி அவன் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினாள். அது கேட்டது. அவன் சில தடவை பதில் சொன்னான், சில தடவை காற்றுதான் வந்தது, சில தடவை களைத்துப்போய்த் தலையை மட்டும் ஆட்டினான். நான் பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இருநூறு வரைக்கும் எண்ணினேன்.