டிரம்முக்குப் போகாத கார்டுகள்

ஒன்பது வருஷம் ஒரு தப்பை நேரம் தவறாமல் செய்துவந்த ஒருத்தி, பொய் சொல்ல மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? குலுக்கல் அக்காவை அறிந்தவர்கள் இன்றும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சோப்புக் கம்பெனியில் அவளுக்குத் தபால் பிரிக்கும் வேலை. பரிசுக் குலுக்கலுக்குச் சோப்பு உறையை வெட்டி அனுப்பலாம். சோப்பே வாங்காமல் வெறும் அஞ்சலட்டையில் பேரெழுதியும் அனுப்பலாம். உறைகள் குலுக்கல் டிரம்முக்குப் போகும். அட்டைகளை அவள் தனியே கட்டி, அங்கேயே பாய்லர் பார்க்கும் தன் தம்பியிடம் கொடுப்பாள்.

"இன்னிக்கு எத்தனை பேரோட அதிர்ஷ்டம்க்கா எனக்கு விறகு?" என்பான் அவன்.

சேர்ந்த புதிதில் மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள், "எரிக்கிறதுக்கு எதுக்கு சார் கார்டு அனுப்பச் சொல்றீங்க?"

"காசு வாங்கிட்டுக் குலுக்கினா அது லாட்டரிம்மா. தனியார் நடத்தினா உள்ள தூக்கிப் போட்டுடுவான். சும்மா அனுப்புறவனுக்கும் இடம் உண்டுன்னு அச்சடிச்சா வெறும் பரிசுத் திட்டம். அந்தக் கார்டுதான் நமக்குக் குடை. அதுக்காக, சோப்பே போடாதவனுக்குப் பரிசு வண்டியைக் குடுக்க முடியுமா?"

அவளும் சிரித்துவிட்டாள்.

நாற்பது அட்டை அனுப்பிய ஒருவர், பரிசு வாங்கியவர்களில் ஒருவர்கூட அட்டை அனுப்பியவர் இல்லை என்று கண்டுபிடித்து மனுப் போட்டார். விசாரணை என்றதும் மேனேஜர் எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார்: கார்டும் டிரம்முக்குத்தான் போகும்.

விசாரணைக்கு முதல் நாள் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தைக்கா. அம்பத்திரண்டு வயசுல எனக்கு வேற எவன் பாய்லர் வெச்சிருக்கான்?"

"போய்ச் சாப்பிட்டுப் படு" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் அறையில் மேனேஜர் ஜன்னலோரம் நின்றார். விசாரிக்க வந்த அதிகாரி உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"கார்டெல்லாம் டிரம்முக்குப் போச்சாம்மா?"

"ஒண்ணுகூடப் போகல சார். நான்தான் கட்டிக் குடுப்பேன். எரிச்சுடுவாங்க."

அதிகாரி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். நல்ல மனிதர் போலிருக்கிறது. "யார் எரிச்சதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. தெரியாதுன்னாலும் எழுதிக்கிறேன்" என்றார்.

பாய்லர் அறையில் மூன்று ஷிப்டுக்கும் ஆள் உண்டு. தெரியாது என்றால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

"என் தம்பி சார்" என்றாள். அவன் முழுப் பெயரையும், அப்பா பெயரையும் சேர்த்து, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.