விலை போட்ட ஓட்டம்

கோயிலில ஆரும் என்ன வேலை எண்டு கேட்டால் "பண்ணையில" எண்டுதான் சொல்லுறனான். றேஸ் குதிரை பாக்கிறன் எண்டால் எங்கட சனம் நான் சூதாடுறன் எண்டே முடிவு கட்டிப்போடும். பிறகு மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டாமே?

நாங்கள் இருக்கிற மல்வேர்னில இருந்து விடியக் காரெடுத்துப் பிக்கரிங் தாண்டினால், வயல் தொடங்கிற இடத்தில எங்கட முதலாளியின்ர லாயம். வெள்ளைக்காரக் கிழவர். நான் வேலை செய்த பக்ரறி மூடினாப்பிறகு அங்க சாணி அள்ளப் போனனான். பேந்து ஒரு மண்ணிறப் பெட்டைக் குதிரையை என்ர கையில தந்திட்டார். குளிப்பாட்டுறது, தீன் வைக்கிறது, காலுக்குக் கட்டுப் போடுறது எல்லாம் நான்தான். இஞ்ச முதுகில ஏறி ஓடுறதில்லை, பின்னால ரெண்டு சில்லு வண்டி பூட்டித்தான் ஓடுறது. அவள் பெரிய கள்ளி. தண்ணி கொஞ்சம் குளிர்ந்தாலும் வாளியைத் தட்டி ஊத்திப்போடுவாள்.

அந்த ஓட்டங்களின்ர பரிசுக்காசில பெரும்பங்கு அரசாங்கம் குடுக்கிறது. மகளுக்கு அது பிடியாது. "அப்பா ஆஸ்பத்திரி எமேர்ஜென்சியில எவ்வளவு நேரம் காத்திருந்தவர்? எங்கட வரிக்காசு ஏன் ஹோர்சஸுக்குப் போகோணும், அம்மா?" எண்டு பாய்வாள். "உந்தக் குதிரைக் காசிலதான் நீ கம்பஸில படிக்கிறாய்" எண்டு நானும் திருப்பிக் குடுப்பன். ஆனால் அவள் சொல்லுறதும் ஞாயம்தான். வைக்கல் விக்கிறவர், லாடம் அடிக்கிறவர், நான், எல்லாரும் அந்தக் காசிலதான் சாப்பிடுறம் எண்டதும் ஞாயம்தான். உதைக் கதைச்சுக் கதைச்சு எனக்குக் களைச்சுப்போச்சு.

இந்த வருசம் எங்கட சின்ன மைதானத்துக்கு வாற காசைக் குறைச்சுப்போட்டாங்கள். கிழவர் குதிரையளை ஒவ்வொண்டா வித்து, கடைசியா மிஞ்சினது என்ர மண்ணிறக்காரி ஒருத்திதான். அவளும் போனால் லாயத்தை மூட வேண்டியதுதான். எண்டாலும் தீன் செலவு தாங்கேலாமல், பரிசுக்காசாவது வரட்டும் எண்டு விலை போட்ட ஓட்டத்தில அவளை விட்டார். அதில ஓடுற குதிரை எல்லாம் விற்பனைக்கு. விரும்பினவர் ஓட்டம் தொடங்க முந்தியே, போட்ட விலைக்கு இந்தக் குதிரையை வாங்கிறன் எண்டு ஒரு துண்டில எழுதிப் பெட்டிக்குள்ள போட்டிடலாம். ஓடி முடியும்வரை எங்களுக்குச் சொல்லமாட்டாங்கள். "அவளுக்கு வயசு போட்டுது, ஒருத்தரும் கேக்கமாட்டினம்" எண்டார் கிழவர். எனக்குச் சொன்னாரோ, தனக்குச் சொன்னாரோ தெரியாது.

பொம்பிளை பாக்க ஆக்கள் வந்தால் நாங்கள் பிள்ளையை வடிவா வெளிக்கிடுத்துவம். அண்டைக்கு நான் மாறிச் செய்தன். தேச்சு மினுக்கேல்லை, பிடரி மயிரைச் சிக்கெடுக்கேல்லை. கோதாரி, அவலட்சணமாய்ப் போய் நிக்கட்டும், ஒருத்தனும் திரும்பிப் பாக்கக் கூடாது எண்டு நினைச்சன்.

அந்த விசரி ஓடினாள் பாருங்கோ! கடைசி வளைவில வெளிப்பக்கத்தால வந்து ஒவ்வொண்டா முந்தினாள். நான் வேலியைப் பிடிச்சுக்கொண்டு "ஓடடி, என்ர ராசாத்தி, ஓடடி!" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். கிழவர் தொப்பியைக் கழட்டி எறிஞ்சார். வெண்டிட்டாள்.

வண்டி கழட்டுற இடத்துக்கு ஓடினால், முன்பின் தெரியாத ஒருத்தன் புதுத் தலைக்கயிறோட நிக்கிறான். "இவள் இப்ப எங்கட குதிரை" எண்டான். பரிசுக்காசு கிழவருக்கு, குதிரை அவங்களுக்கு. சட்டம் அப்பிடி. அவள் எங்கட லொறிப் பக்கம்தான் இழுத்தாள். அவன் மற்றப் பக்கம் திருப்பிக் கொண்டு போனான். எனக்கு அழுகை அடக்கேலாமல் வந்துது. துண்டு முந்தியே பெட்டிக்குள்ள விழுந்திட்டுது. நாங்கள் வேலியடியில நிண்டு கத்தேக்கையே அவள் எங்கட குதிரை இல்லை.