ரூத் உரித்துவிட்ட இரண்டு புழுக்கள்

"அக்கா, ரூத்தக்கா விடியக்காலம் தவறிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஆம்பூர்ல அடக்கம்" என்று ரூத்தின் தம்பி போனில் சொன்னபோது சேலத்தில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "சரிப்பா, வர்றேன்" என்றேன். ஜோலார்பேட்டை ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

ரூத்தை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவளுடைய தூக்குப்பை நினைவிருக்கும். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், வேலூர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தோம். தோல் கிடங்குகளில் பச்சைத்தோலைத் தின்று தீர்க்கும் வண்டுகளை வளர்த்தோம். அவற்றுக்குத் தீனியாக ஆம்பூரிலிருந்து தோல் துண்டுகளை அவள்தான் அந்தப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவாள். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். "இன்னா பண்றது சாந்தி, தெனம் முழு சீட்டும் எனக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்வாள்.

புரதங்களோடு சர்க்கரையைக் கோத்துவிடும் மரபணு ஒன்றை ஊசி போட்டு அடக்கிவிட்டால் அந்த வண்டுகளின் புழுவால் தன் பழைய தோலை உரிக்க முடியாது என்பது என் வாதம். அப்படித்தான் நடந்தது. பழைய தோல் முதுகில் வெடித்தது, கழலவில்லை. புழுக்கள் உள்ளேயே நெளிந்து செத்தன. ஆனால் இரண்டு மட்டும் முழுதாக வெளியே வந்து ஊர்ந்தன. என் மூன்று வருட உழைப்பு ஆட்டம் கண்டது.

ரூத் வந்து நின்றாள். "சாந்தி, நான்தான் பண்ணேன். நீ ஒடுகத்தூர் போன அன்னிக்கு ஊசிமுனையால மெல்ல உரிச்சு விட்டுட்டேன். பாக்க முடியலடி, துடிச்சுது."

படித்தவள் செய்கிற காரியமா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஜாஸ்தியாவே திட்டு. ஆனா பேசாம மட்டும் இருந்துடாத" என்றாள். நான் அதைத்தான் செய்தேன். மாதக்கணக்கில் பேசவில்லை. அவள் சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவளோ தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு எனக்காகப் புதிய புழுக்களை வளர்த்து, டப்பா டப்பாவாக என் பக்கம் வைத்துவிட்டுப் போவாள். இரண்டாம் முறை ஊசி போட்டதில் ஒன்றுகூடத் தோலுரிக்கவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. பிறகு எங்களுக்குள் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் மட்டும்தான்.

அவள் உரித்தெடுத்த அந்த இரண்டு தோல்களும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் என்னிடம் இருக்கின்றன. அன்றைக்கே, திட்டி முடித்த கையோடு எடுத்துவைத்தேன். முதுகு வெடிப்பைத் தவிர ஓரிடத்திலும் கிழிசல் இல்லை, அவ்வளவு பதமாக உரித்திருந்தாள். கோபம் ஆறியதும் காட்டிக் கேலி செய்யலாம் என்றிருந்தேன். கோபம் அந்த வருடமே ஆறிவிட்டது, ரூத். நான்தான் உன்னிடம் வரவில்லை.