பிரேக் மேடம் பாராசூட் மடித்த கதை

பிரேக் மேடத்திடம் கார் ஓட்டப் படித்தவர்கள் யாரும் அவருடைய உண்மையான பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதன் மேல்தான் அவருடைய வலது கால் குடியிருந்தது. நாய் குறுக்கே வந்தால் மிதிப்பார். நாய் வரக்கூடும் என்று தோன்றினாலும் மிதிப்பார். நானும் அவரிடம் படித்தவன்தான். நெஞ்சில் பெல்ட் தடம் பதியாமல் வீடு திரும்பிய நாள் எனக்கு நினைவில்லை.

வீட்டில் அவரைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி ஒருவர் இருந்தார். மேடத்தின் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் வேலை. ஆள் பீரோ மாதிரி இருப்பார். குரல் மட்டும் கொசு மாதிரி. மனிதன் எப்படியெல்லாம் சாகலாம் என்பது அவருக்கு அத்துப்படி. சோப்பு, ஏணி, ஈரத் தரை என்று தினம் ஒரு செய்தியோடு சாப்பிட உட்காருவார்.

மேடத்தின் மாணவர்களில் நெட்டை என்று ஒருவன் இருந்தான். ஓட்டுநர் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவன். "தம்பி, உனக்கு இந்தத் தரையில ஓட்டவே வராது" என்று ஒருநாள் மேடம் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டார். அதை அவன் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. சில வருடங்கள் கழித்துப் பார்த்தால், ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில், வானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளனாக நின்றான்.

பெட்ரோல் போடும் இடத்தில் மேடத்தைப் பார்த்தவன் விடவில்லை.

"ஒரு தடவை வாங்க மேடம். உங்களை என்னோட சேர்த்துக் கட்டித்தான் குதிப்பேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா கூட வந்தா போதும்."

கணவரிடம் மாணவன் ஒருவனுக்குத் தேர்வு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார் மேடம். விமானக் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது.

"தம்பி, நான் உன்னைத் திட்டினதெல்லாம் மனசுல வச்சிருக்கியா?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு மேடம்" என்றபடியே நெட்டை குதித்தான்.

கீழே வரும்வரை மேடத்தின் வலது கால் வெறும் காற்றை மிதித்துக்கொண்டே இருந்ததாம். எதுவும் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதார். பயந்துவிட்டார் என்று நினைத்து நெட்டை தண்ணீர் கொண்டு ஓடி வந்தான். "பயமில்லடா. இவ்வளவு நாளா இந்தக் கால் வலிச்சுக்கிட்டே இருந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல" என்றார். அடுத்த வாரமே தனியாகக் குதிக்கப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

கொஞ்ச நாள் பள்ளிக்காரர்களே மடித்துக் கொடுத்த பாராசூட்டோடு குதித்தார். பிறகு நெட்டை சொன்னான்: "லைசென்ஸ் வேணும்னா உங்க பாராசூட்டை நீங்களே மடிக்கணும் மேடம். நீங்க மடிச்சதுல நீங்களே குதிக்கணும்."

லைசென்ஸ் என்ற சொல்லை அவன் ரசித்து, மென்று சொன்னான்.

மடிக்கும் கூடத்தில் தரை முழுக்க விரிப்பு. முதலில் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, துணியின் முன்விளிம்பை முழங்காலுக்கு இடையில் இடுக்கி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் சுருட்டிக் கீழே கிடத்தி, உள்ளே இருக்கும் காற்றை நெஞ்சால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். கடைசியில்தான் பைக்குள் திணிப்பது.

துணியோ வழவழவென்று வெண்ணெய்க்கு அண்ணன். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் பொங்கியது. ஒரு மூலையைப் பைக்குள் தள்ளினால் இன்னொரு மூலை எட்டிப்பார்த்தது. மேடம் அதன்மேல் விழுந்து புரண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஒருவழியாகப் பையை மூடி நிமிர்ந்தார்.

பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நெட்டை கையைக்கூட நீட்டவில்லை.

"முடிச்சாச்சா மேடம்?"

"முடிச்சாச்சு."

"ஒண்ணே ஒண்ணு மறந்துட்டீங்க."

"என்ன?"

"பிரேக் போடலை."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாராசூட்டைத் திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. மடிப்பதற்கு முன்பே அவற்றின் கயிறுகளைப் பாதி இழுத்து மாட்டி வைக்க வேண்டும். அதற்குப் பெயரே பிரேக் போடுவது. இல்லாவிட்டால் விரியும்போது தாறுமாறாகப் பாயும். ஊருக்கெல்லாம் பிரேக் போட்டவர் தனக்குப் போட மறந்துவிட்டார். நெட்டை சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டில், முகமெல்லாம் சிவந்துவிட்டது. மடித்ததை எல்லாம் பிரித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார் மேடம்.

வீட்டில் பழகுவதற்கு, இனி குதிக்க உதவாது என்று ஒதுக்கிய பழைய பாராசூட் ஒன்றை நெட்டை கொடுத்தனுப்பினான். அதோடு குட்டும் உடைந்தது. கணவர் அலுவலகம் முடிந்து கதவைத் திறந்தபோது, கூடத்தில் தரையே தெரியவில்லை. சோபாவைச் சுவரோடு நிறுத்திவிட்டு, ஆரஞ்சு நிறத் துணிக்கு நடுவில் மனைவி குப்புறக் கிடந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் கணவர் நாற்காலியைத் தேடினார். அதுவும் துணிக்கு அடியில் இருந்தது.

"எங்க ஆபீஸ் பாலிசியில இதுக்குத் தனியா ஒரு பாராவே இருக்கு, தெரியுமா? குதிச்சு செத்தா பணம் ஒண்ணும் கிடையாதுன்னு."

"என்னங்க, பதறாதீங்க. இது விரியலைன்னா முதுகுல இன்னொண்ணு இருக்கு. அதை மடிக்கிறது நான் இல்ல. அதுக்குன்னே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவர்."

கணவர் யோசித்தார். "அப்போ முதல்லயே அதை விரிச்சுட்டா என்ன?"

மேடம் பொங்கி நின்ற துணியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பேச்சை மாற்றினார்.

"கொஞ்சம் இது மேல படுங்களேன். எனக்கு எடை பத்தலை. காத்து போக மாட்டேங்குது."

"நீ மேல இருந்து விழறதுக்கு நான் கீழ காத்து புடுங்கணுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து படுத்தார். புஸ்ஸென்று பெருமூச்சு போல ஒரு சத்தம். அதுவரை மல்லுக்கட்டிய பாராசூட் சப்பாத்திக் கட்டைக்கடியில் மாவு மாதிரி அடங்கிவிட்டது. துணியின் வழவழப்பும் குளிர்ச்சியும் அவருக்குப் பிடித்துப்போனது போல. மேடம் கயிறுகளைச் சரிசெய்துவிட்டு நிமிர்வதற்குள் குறட்டை கேட்டது. எழுப்ப மனசு வரவில்லை. அவரைச் சுற்றியே மடித்தார். கணவர் விழித்தபோது, ஒரு கை பைக்குள் இருந்தது.

மேடம் தானே மடித்த பாராசூட்டோடு குதிக்கும் நாள் வந்தது. கணவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். மேடம் மடிக்க மடிக்க, நெட்டை ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பார்த்துத் தலையசைத்தான், வாய் திறக்கவில்லை. அதுதான் மேடத்துக்குப் பெரிய திகில். "ஏதாவது சொல்லித் தொலையேன்டா" என்றார்.

"சரியா இருந்தா என்னத்தைச் சொல்றது மேடம்?"

தான் இருபது வருடத்தில் எந்த மாணவனிடமும் இப்படிச் சும்மா இருந்ததில்லை என்பது அப்போது மேடத்துக்குத் தோன்றியதாம். என்னிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

மேலே போய்க் குதித்தார். உரிய உயரத்தில் பிடியை இழுத்தார். பாராசூட் விரிந்தது. ஆனால் தலைக்கு மேல் கயிறுகள் முறுக்கிக்கொண்டு, அவர் பம்பரம் போலச் சுழன்றார். இது நடக்கக்கூடும், காலை உதைத்து எதிர்ப்பக்கம் சுழன்றால் முறுக்கு பிரிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேடம் உதைத்தார். உதைத்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி கத்தினார்: "பதறாத! ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிக்காத! நேராப் பாரு!"

வானத்தில் கேட்க ஆள் இல்லை. தன்னைத்தானே திட்டிக்கொள்கிறோம் என்று புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இன்னும் ஓர் உதை. முறுக்கு பிரிந்தது. மேலே பார்த்தார். அவர் மடித்த துணி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், வெயிலில் முழுதாக விரிந்து நின்றது. வீட்டுப் படுக்கை விரிப்பைக்கூட அவ்வளவு சீராக அவர் விரித்ததில்லை.

இறங்கியது என்னவோ ஓடுதளத்துக்குப் பக்கத்தில் இருந்த சேற்றில், உட்கார்ந்த வாக்கில். கணவர் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் நிற்க முடியாமல் அவரும் வழுக்கிச் சேற்றில் விழுந்தார்.

"ஈரத் தரை" என்றார் மேடம்.

"சும்மா இரு. எங்கயாவது வலிக்குதா?"

"இல்லைங்க. உங்களுக்கு?"

"எனக்கு மேல பார்த்துப் பார்த்துக் கழுத்து புடிச்சுக்கிச்சு."

நெட்டை வந்து இருவரையும் தூக்கிவிட்டு, "லைசென்ஸ் பாஸ் மேடம்" என்றான். சேறு படாத இடத்தில் துணியைக் கொண்டுபோய்ப் போட்டு, காயவைத்து, மீண்டும் மடிக்க உட்கார்ந்தார்கள். கணவர் யாரும் கேட்காமலே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து துணிமேல் படுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மேடம்தான் காரை ஓட்டினார். பாதி வழியில் கணவர் கேட்டார்:

"அதான் லைசென்ஸ் வந்துருச்சே. இதோட நிறுத்திக்கலாமில்ல?"

"அது எப்படிங்க? இன்னொரு தடவை மடிச்சு வச்சுட்டு வந்திருக்கோமே. பிரிக்காம எப்படி விடறது?"

கணவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "அடுத்த தடவை ஒரு தலையணை எடுத்துட்டு வரேன்" என்றார்.