சைரன் ஊதாத அந்த மதியம்

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதச் சாரலில் குற்றாலத்தில் நடந்தது இது. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஐந்தருவிக்குப் போகும் சாலையில் எனக்குத் தெரிந்த ஒருவர் தங்கும் விடுதி நடத்திவந்தார். விடுதியின் பின்னால் ஓர் ஓடை. வருகிறவர்கள் அதில் குளிப்பார்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும் என்பதால், கரையில் ஒரு காவலாளி விசிலோடு நிற்பார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பக்கத்து ஊரான இலஞ்சிக்காரர்.

“இன்னும் விசில் ஊதிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு? கம்ப்யூட்டர்ல ஏதாவது செஞ்சு குடுங்க சார்” என்றார் விடுதிக்காரர். சும்மா இருந்த எனக்கு அது பெருமையாக இருந்தது. ஓடையின் மேற்பகுதியில் ஒரு மிதவையைப் பொருத்தினோம். தண்ணீர் ஏறி மிதவை உயர்ந்தால் கணினிக்குத் தகவல் வரும். நான் எழுதிய நிரல் சைரனை ஒலிக்கவிடும். காவலாளியை வாசல் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து ஓடையின் ஒரு வளைவு தெரியும் என்பதால், அவர் அறையிலும் சைரனுக்கு ஒரு சுவிட்ச் வைத்தோம்.

என் பிழை புரிய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணினியை நடத்தும் இயங்குதளம் ஒரு நிரலுக்கு அனுப்பும் அவசரச் செய்தியை சிக்னல் என்போம். நிரல் வேறு வேலையில் இருந்தால் சிக்னலைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கலாம். அப்போது வருவது தொலையாது, நிலுவையில் நிற்கும். அப்படி ஏதாவது நிற்கிறதா என்று நிரல் கேட்டுப் பார்க்கலாம். இதை நானே வருடக்கணக்காக வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

விடுதியின் அறிவிப்புகளும் சைரனும் ஒரே ஒலிபெருக்கியில்தான் வரும். அதனால் அறிவிப்பு ஓடும்போது சிக்னலைத் தடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் அறிவிப்பின் நடுவே ஒரு குரங்கு மிதவையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அறிவிப்பு முடிந்ததும், நிலுவையில் இருந்த சிக்னல் சைரனை அலறவிட்டது. ஈரத்துண்டோடு எல்லோரும் ஓடினார்கள்.

“என்ன சார், உங்க புரோகிராம் குரங்குக்கெல்லாம் சைரன் ஊதுது!” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் விடுதிக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றே நிரலை மாற்றினேன். அறிவிப்பு முடிந்ததும், நிலுவையில் என்ன இருந்தாலும் பார்க்காமல் தூக்கி எறிந்துவிடும்படி எழுதினேன். நிஜ வெள்ளமென்றால் மறுபடி சிக்னல் வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிதவை உயரும்போது ஒரே முறைதான் தகவல் அனுப்பும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெள்ளம் வந்தது. சைரன் ஊதவில்லை. திருவேங்கடத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதவிட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எப்படியோ பிடித்து இழுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், கை முறிந்தது.

தகவல் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். “சாப்பாடு ரெடின்னு மைக்ல கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்பந்தான் தண்ணி வந்துது.”

அறிவிப்பு முடிந்ததும் வெள்ளத்தின் சிக்னலை என் நிரலே தூக்கி எறிந்திருக்கிறது என்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது.

விடுதிக்காரர் காவலாளியைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, கையில சுவிட்ச குடுத்துட்டு உக்கார வச்சா, தூங்கிட்டியாலே?”

“தூங்கல முதலாளி. வண்டிக்குக் கேட்டு தொறந்துக்கிட்டு இருந்தேன். தண்ணி வந்தா அதுவே ஊதும்னு இருந்துட்டேன்...”

“அது ஏன் சார் ஊதல?” என்று விடுதிக்காரர் என்னிடம் திரும்பினார்.

“பார்க்கணும்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் சொல்லவில்லை. காவலாளியை அங்கேயே வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே நிரலைத் திருத்திவிட்டேன். நிலுவையில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மிதவையின் நிலையையும் சோதித்து, அப்புறம்தான் முடிவெடுக்கும். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தக் காவலாளியிடம் போகத்தான் எனக்கு நாளானது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவன் தப்பு செய்துவிட்டான் என்று ஊர் பேசுமே என்ற பயம். சாப்பாடு இறங்காமல் போனபிறகே இலஞ்சிக்குக் கிளம்பினேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

“வேலை கெடக்கட்டும் சார். நான் தூங்கிட்டேன்னு தெருவுல எல்லாரும் சொல்லுதாங்க. எம் பொண்டாட்டியும் கேக்குதா. கேட்டுக் கேட்டு எனக்கே, கொஞ்சம் கண்ணசந்துட்டமோன்னு ஆயிட்டு. ராத்திரி படுத்தா அந்தப் பிள்ள அலறுன சத்தந்தான் கேக்கு.”

நேரே விடுதிக்காரரிடம் போய்ச் சொன்னேன். “வெளிய சொல்லாதீங்க சார், சீசன் நேரம். அவன வேணா திரும்ப வரச் சொல்லுதேன்” என்றார். காவலாளி அதை ஏற்கவில்லை. அந்த ஓடைப் பக்கமே போக முடியாது என்றார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “எங்க தெருவுல வந்து இத சொல்லுதீங்களா சார்?”

அவரையும் கூட வைத்துக்கொண்டு, அவர் தெருமுனை டீக்கடையில் நின்று சொன்னேன். சிக்னல், நிலுவை என்று ஆரம்பித்தேன். யாருக்கும் பிடிபடவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர் இடைமறித்தார். “அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. இவன் தூங்குனானா, இல்லையா?”

“தூங்கல. முழிச்சுத்தான் இருந்தார். தப்பு பண்ணது நான். அன்னைக்கே தெரிஞ்சும் வாயத் திறக்காம இருந்ததும் நான்தான்.”

கடைக்காரர் காவலாளிக்கு ஒரு டீ போட்டு நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

பிறகு அவர் செங்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பெண்ணின் குடும்பத்தையும் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டார்கள். நிரலில் நான் செய்த பிழையைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. நான் வாய்திறக்காமல் கழித்த அத்தனை நாளும், விழித்திருந்த ஒரு மனிதர் தன் கண்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.